பெட்ரோல் லான் மோவர் கைக்கு வந்தாச்சா? முதல்ல எந்த மாடல்னு கண்டுபிடிங்க, அப்புறம் ஸ்பானர் எடுங்க

புல்லு வெட்டற மோவர் புதுசா வாங்குனா கூடவே புக்கும் வரும், அதுல எல்லாம் இருக்கும், அவங்களுக்கு இது அவ்வளவா தேவைப்படாது. பழசு வாங்குனவங்க, வீட்டோட சேர்ந்து ஷெட்ல கிடந்தது கிடைச்சவங்க, யாரோ "எடுத்துக்கோங்க"ன்னு குடுத்துட்டுப் போனத வெச்சுக்கிட்டு முழிக்கிறவங்க, உங்களுக்குத்தான் இது.

பாகம் வாங்கப் போனா முதல் கேள்வியே "எந்த மாடல்?"னுதான் வரும். நாம மேல பெருசா ஒட்டியிருக்கற பேரைச் சொல்லுவோம், அது பத்தாது. ஏன்னா பின்னாடி நடந்து தள்ளுற மோவர்ல பெரும்பாலும் ரெண்டு கம்பெனி சரக்கு இருக்கு: பிளேடை மூடியிருக்கற டெக், சக்கரம், கைப்பிடி எல்லாம் ஒருத்தர் செஞ்சது, மேல உக்காந்திருக்கற எஞ்சின் இன்னொருத்தர் செஞ்சது. ஹோண்டா மாதிரி சிலர் ரெண்டையும் தாங்களே செஞ்சதும் உண்டு, ஆனா அதுலயும் மெஷினுக்கு ஒரு நம்பர், எஞ்சினுக்கு ஒரு நம்பர்னு தனித்தனியாத்தான் இருக்கும். பிளேடு, பெல்ட், சக்கரம், கேபிள் வேணும்னா மெஷின் நம்பர். ஃபில்டர், பிளக், கார்புரேட்டர், ஸ்டார்ட்டர் கயிறு வேணும்னா எஞ்சின் நம்பர். இது ஒண்ணு மண்டையில ஏறிட்டாலே தப்பான பாகம் வாங்கிட்டு வர்ற அலைச்சல் பாதி போயிடும்.

மெஷின் நம்பர் எங்க இருக்கும்

டெக்கோட பின்பக்கம் பாருங்க, ரெண்டு பின் சக்கரத்துக்கு நடுவுல, இல்லன்னா புல்லு வெளிய வர்ற அந்த ரப்பர் மூடியைத் தூக்கினா கீழ, ஒரு ஸ்டிக்கரோ சின்னத் தகடோ இருக்கும். காஞ்ச புல்லும் மண்ணும் அப்பியிருக்கும், ஈரத்துணியில மெதுவா துடைங்க, பெட்ரோல் போட்டுத் துடைச்சா அழுக்கோட சேர்ந்து எழுத்தும் போயிடும். தெரிஞ்சதும் முதல் வேலையா போன்ல ஒரு போட்டோ.

சில நம்பர்கள் தானாவே கதை சொல்லும். ஹோண்டால எச்ஆர்எக்ஸ்217, எச்ஆர்என்216னு இருந்தா அந்த 21ங்கறது வெட்டுற அகலம், 21 அங்குலம். பழைய கிராஃப்ட்ஸ்மேன் மோவர்ல நம்பர் 917னோ 247னோ ஆரம்பிச்சு ஒரு புள்ளி வெச்சு மீதி வரும், அந்த முதல் மூணு இலக்கம்தான் உண்மையில யார் செஞ்சு குடுத்தாங்கன்னு சொல்றது, 247ன்னா எம்டிடி கம்பெனி. அதனால பாகம் தேடும்போது புள்ளிக்கு முன்னாடி இருக்கறத விட்டுட்டுச் சொன்னா ஒண்ணும் கிடைக்காது.

எஞ்சின் நம்பர்

ரொம்பப் பேர்கிட்ட இருக்கறது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்தான். ஸ்பார்க் பிளக்குக்கு மேல இருக்கற உலோக மூடியில, இல்லன்னா சைலன்சரை மறைச்சிருக்கற தகட்டுல, எண்களை அச்சுக் குத்தியிருப்பாங்க. மை போட்டு எழுதுனது இல்ல, குத்துனது, அதனால டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சாதான் தெளிவா தெரியும். மூணு கொத்தா இருக்கும்: மாடல், டைப், கோட். மூணையும் எழுதிக்கோங்க, மாடல் மட்டும் போதும்னு நினைக்காதீங்க, ஒரே மாடல்ல டைப் மாறினா கார்புரேட்டரும் மாறலாம்.

மாடல்ல முதல்ல வர்ற ஒண்ணு இல்ல ரெண்டு இலக்கம் எஞ்சின் கொள்ளளவு, கன அங்குலத்துல. 126எம்02ன்னு இருந்தா சுமார் 12 கன அங்குலம், சிசி கணக்குல 190. பழசுல 92902 மாதிரி அஞ்சு இலக்கமா இருந்தா 9 கன அங்குலம், 148 சிசி. கோட்ங்கறது செஞ்ச தேதி: 18051254ன்னு இருந்தா 2018, 5ஆம் மாசம், 12ஆம் தேதி, கடைசில மிச்சம் இருக்கறது எந்த ஆலை எந்த லைன்ங்கற விவரம், அது நமக்கு வேண்டாம். பழசு வாங்கறதுக்கு முன்னாடி "ரெண்டு வருஷம்தாங்க ஆச்சு"ன்னு யாராச்சும் சொன்னா இந்தக் கோட் நம்பரைப் படிச்சிட்டுப் பேசுங்க.

ஹோண்டா எஞ்சின்ல பேரே சுலபம். ஜிசிவி160, ஜிசிவி200ன்னு இருக்கும், எண்தான் சிசி. சீரியல் நம்பரை எஞ்சின் பிளாக்குலயே குத்தியிருப்பாங்க. கோலர் கம்பெனி எஞ்சின்ல மாடல், ஸ்பெக், சீரியல்னு ஸ்டிக்கர் இருக்கும். டெகும்சேன்னு பேர் பாத்தீங்கன்னா, அவங்க 2008லயே எஞ்சின் செய்யறத நிறுத்திட்டாங்க, சின்னச் சின்ன பாகம் வேற கம்பெனிகள் செஞ்சது கிடைக்கும், ஆனா எஞ்சினுக்குள்ள பெருசா ஏதாச்சும் போயிருந்தா அதுல காசைப் போடாதீங்க.

நம்பரே அழிஞ்சு போச்சுன்னா? கண்ணால பாத்தே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். எஞ்சின் தலைப்பக்கம் நாலு ஸ்க்ரூ போட்ட தனி மூடி ஒண்ணு இருந்தா வால்வு மேல இருக்கற ஓஎச்வி வகை. அது இல்லாம வெறும் தட்டையான, கோடு கோடா துடுப்பு வெச்ச அலுமினியத் தலை, நடுவுல பிளக்குன்னு இருந்தா அது பழைய பக்க வால்வு வகை. ரெண்டுக்கும் பிளக்கு வேற, கேஸ்கெட் வேற. பிளேடுக்கு மாடல் தெரியலன்னா பழச கழட்டி அளவு எடுங்க: ஒரு முனையோட மூலையிலருந்து எதிர் முனையோட எதிர் மூலை வரைக்கும் குறுக்கா அளக்கணும், நேரா அளந்தா அளவு தப்பிடும். நடு ஓட்டை வட்டமா, நட்சத்திரமா, எத்தனை முனைங்கறதையும் பாத்துக்கோங்க.

இதெல்லாத்தையும் விட முக்கியம் ஒண்ணு இருக்கு: ரெண்டு ஸ்ட்ரோக்கா நாலு ஸ்ட்ரோக்கா? எஞ்சின்ல ஆயில் ஊத்தத் தனி மூடியோ டிப்ஸ்டிக்கோ இருந்தா நாலு ஸ்ட்ரோக், டேங்க்ல வெறும் பெட்ரோல்தான். அப்படி எதுவுமே இல்லாம பெட்ரோல் மூடி மட்டும் இருந்தா ரெண்டு ஸ்ட்ரோக், பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்தணும், கலக்கற விகிதம் பெரும்பாலும் டேங்க் மூடிலயே இருக்கும். ரெண்டு ஸ்ட்ரோக்ல வெறும் பெட்ரோல் ஊத்தி ஓட்டினா கொஞ்ச நேரத்துல பிஸ்டன் ஒட்டி எஞ்சின் செத்துடும், அதுக்கப்புறம் மாடல் நம்பர் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்.

கை வைக்கறதுக்கு முன்னாடி

பிளேடு பக்கம் கை போகுதுன்னா முதல்ல ஸ்பார்க் பிளக் வயரை உருவி, திரும்பப் போய் தொடாத மாதிரி தள்ளி வைங்க. எஞ்சின் நின்னுதானே இருக்குன்னு நினைக்காதீங்க, பிளேடை கையால ஒரு சுத்து சுத்துனாலே அது நேரா எஞ்சினைச் சுத்துது, உள்ள கொஞ்சம் பெட்ரோல் ஆவி இருந்தா ஒரு தடவை வெடிச்சுச் சுத்திடும், விரலுக்கு அந்த ஒரு சுத்து போதும்.

அடுத்தது, மோவரைச் சாய்க்கறது. ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் இருக்கற பக்கம் எப்பவும் மேல வரணும். மாத்திச் சாய்ச்சா ஆயில் ஏர் ஃபில்டருக்குள்ள போயி நனைச்சிடும், அப்புறம் ஸ்டார்ட் ஆகாது, ஆனாலும் வெள்ளையா புகையா கக்கும். டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருக்கும்போது சாய்ங்க, நிறைஞ்ச டேங்க்கோட சாய்ச்சா மூடி வழியா ஒழுகும்.

கைப்பிடியில இருக்கற அந்தக் கம்பியை விட்டா பிளேடு நிக்கணும். அமெரிக்க விதிப்படி 1982லருந்து விக்கற மோவர்கள்ல 3 செகண்டுக்குள்ள நின்னாகணும். உங்களுது அதுக்கு மேல சுத்திக்கிட்டே இருந்தா பிரேக் தேஞ்சிருக்கு இல்ல கேபிள் இழுபட்டிருக்கு, அதைச் சரி பண்ணிட்டு மத்ததப் பாருங்க. அந்தக் கம்பியைக் கயித்தால கைப்பிடியோட கட்டி வெச்சு ஓட்டறவங்களும் இருக்காங்க, அப்படிக் கட்டின மோவர் உங்க கைக்கு வந்தா முதல்ல அந்தக் கயித்தை அறுங்க.

ஆயில்

பொதுவா எஸ்ஏஇ 30 ஆயில், குளிரும் வெயிலும் மாறி மாறி வர்ற இடம்னா 10டபிள்யூ-30. பிடிக்கறது அரை லிட்டர் சுமார்தான், அதனால ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவுத்துடாதீங்க. புது எஞ்சின்னா முதல் 5 மணி நேரம் ஓடினதுமே ஒரு தடவை மாத்தணும்னு நிறைய கம்பெனிகள் சொல்றாங்க, புதுசுல தேயுற இரும்புத் தூள் எல்லாம் அதுலதான் இருக்கும், அதுக்கப்புறம் 50 மணி நேரம் இல்ல சீசனுக்கு ஒரு தடவை. பிரிக்ஸ்ல ஆயில் மாத்தவே வேண்டாம், குறைஞ்சா ஊத்துனா போதும்னு ஒரு வகை வந்துச்சு, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, அதுலயும் மாத்திடலாம், கெட்டுப்போறது ஒண்ணும் இல்ல.

மாத்தற முறை: அஞ்சு நிமிஷம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்க, நிறுத்தி பிளக் வயரை உருவுங்க, டெக்கு அடியில வடிக்கற போல்ட் இருந்தா அதுவழியா, இல்லன்னா ஆயில் ஊத்தற ஓட்டை கீழ வர்ற மாதிரி சாய்ச்சு ஒரு தட்டுல வடிங்க, சாய்க்கறதுல மேல சொன்ன ஏர் ஃபில்டர் விஷயம் ஞாபகம் இருக்கட்டும். நிமித்தி வெச்சு முக்கால் பங்கு ஊத்தி, ரெண்டு நிமிஷம் விட்டு, டிப்ஸ்டிக்ல பாத்துப் பாத்து மீதியை ஊத்துங்க. டிப்ஸ்டிக் பாக்கறதுல ஒரு வித்தியாசம்: ஹோண்டா ஜிசிவில திருகாம சும்மா உள்ள விட்டு எடுத்துப் பாக்கணும், பிரிக்ஸ்ல பலதுல முழுசா திருகிட்டு எடுத்துப் பாக்கணும். மாத்திப் பண்ணினா அளவு தப்பிடும். கூடப் போனாலும் கெடுதல்தான், நீலப் புகை வரும், பிளக் கருத்துடும்.

வடிச்ச பழைய ஆயிலை மண்ணுலயோ சாக்கடையிலயோ ஊத்தாதீங்க, மூடி போட்ட டப்பாவுல சேத்து வெச்சு பழைய ஆயில் எடுத்துக்கற இடத்துல குடுங்க.

பிளக், ஏர் ஃபில்டர்

இது ரெண்டும் சுலபம். பிளக்கை எஞ்சின் ஆறினப்புறம் கழட்டுங்க, முனை வெளிர் பழுப்பா இருந்தா எல்லாம் நல்லா இருக்கு, கரியா காஞ்சிருந்தா பெட்ரோல் அதிகமா போகுது இல்ல ஃபில்டர் அடைச்சிருக்கு, ஆயில் பிசுபிசுப்பா இருந்தா ஆயில் உள்ள வருது. இடைவெளி பெரும்பாலான மோவர்ல 0.76 மில்லிமீட்டர். மாட்டும்போது முதல் சில சுத்து கையாலதான், ஸ்பானர் போட்டு ஆரம்பிச்சா அலுமினியத் தலைல மரை கிழிஞ்சிடும், அதுக்கு அப்புறம் ஆகற செலவு பிளக்கு விலையோட ஒப்பிட்டுப் பாக்கற மாதிரி இருக்காது. கையால இறுகினதும் புது பிளக்குன்னா இன்னும் அரைச் சுத்து, அவ்வளவுதான்.

ஃபில்டர் பேப்பரா ஃபோமான்னு பாருங்க. பேப்பர்னா மெதுவா தட்டி தூசியை உதிர்க்கலாம், வெளிச்சத்துல பிடிச்சா வெளிச்சம் தெரியலன்னா புதுசு வாங்குங்க, கம்ப்ரஸர் காத்து அடிச்சா பேப்பர் கிழியும், ஆயில் தடவவே கூடாது. ஃபோம்னா சோப்புத் தண்ணில அலசி, நல்லா காய வெச்சு, கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊத்திப் பிசைஞ்சு, மிச்சத்தைப் பிழிஞ்சிட்டு மாட்டணும்.

பிளேடு

புல்லு வெட்டினப்புறம் நுனியெல்லாம் கந்தலா வெளுத்துப் போச்சுன்னா பிளேடு மொக்கைன்னு அர்த்தம், அது வெட்டல, பிய்க்குது. சுமார் 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை தீட்டுங்க, கல்லு மண்ணு இருக்கற இடம்னா இன்னும் சீக்கிரம்.

வயரை உருவியாச்சு, சரியான பக்கம் சாய்ச்சாச்சு. இப்ப முதல்ல பிளேடோட கீழ்ப்பக்கம், அதாவது புல்லைப் பாக்கற பக்கம், மார்க்கர்லயோ பெயிண்ட்லயோ ஒரு குறி போட்டு வைங்க. திருப்பி மாட்டும்போது தலைகீழா மாட்டறது ரொம்ப சகஜம், மாட்டிட்டு எஞ்சின் நல்லா ஓடுது புல்லு மட்டும் வெட்டலன்னு தலையைப் பிச்சுக்குவாங்க. வளைஞ்சு தூக்கின இறக்கை எப்பவும் டெக்கைப் பாத்து, மேல இருக்கணும். பிளேடுக்கும் டெக் சுவருக்கும் நடுவுல ஒரு கட்டையை முட்டுக் குடுத்து, போல்ட்டை கீழருந்து பாக்கும்போது இடது பக்கமா திருப்புங்க. துருப்பிடிச்சிருந்தா துரு விடற ஸ்ப்ரே அடிச்சு கொஞ்ச நேரம் விடுங்க. வாஷர், பிளேடு உக்கார்ற அடாப்டர் எந்த வரிசைல இருந்துச்சுன்னு ஒரு போட்டோ.

வைஸ்ல பிடிச்சு அரத்தால ஒரே திசைல தள்ளுங்க, ஏற்கனவே இருக்கற சாய்வு, சுமார் 30 டிகிரி, அதே சாய்வுல. சாய்வு இருக்கற மேல் பக்கம் மட்டும்தான் தீட்டணும், தட்டையான அடிப்பக்கத்தைத் தொடாதீங்க. சவரக் கத்தி மாதிரி கூர் தேவையே இல்ல, அவ்வளவு மெலிசா ஆக்கினா முதல் கல்லுலயே மடங்கிடும். கிரைண்டர் போடறவங்க நிறுத்தி நிறுத்திப் போடுங்க, இரும்பு நீலமா மாறுச்சுன்னா அந்த இடம் கடினம் போயிடுச்சு, அப்புறம் கூர் நிக்காது. ரெண்டு முனையிலயும் ஒரே எண்ணிக்கைல அரம் போகட்டும். முடிச்சதும் சுவத்துல ஒரு ஆணி அடிச்சு நடு ஓட்டையில மாட்டிப் பாருங்க, ஒரு பக்கம் தாழ்ந்தா அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்கணும். இதை யாரும் பண்றதில்ல, ஆனா நிமிஷத்துக்கு 3000 சுத்து சுமார் சுத்துற ஒரு பொருள் ஒரு பக்கம் கனமா இருந்தா கை மட்டும் அதிராது, எஞ்சின் அடி பேரிங், சீல் எல்லாம் மெல்லப் போயி ஆயில் ஒழுக ஆரம்பிக்கும்.

விரிசல் விட்டிருந்தா, இறக்கை தேஞ்சு மெலிஞ்சிருந்தா, வளைஞ்சிருந்தா தீட்டாதீங்க, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க. வளைஞ்சத தட்டி நிமித்தறது ஆபத்து. போல்ட்டை, இறுக்கற அளவு காட்டற டார்க் ஸ்பானர்ல இறுக்குங்க, பல மோவர்ல 50லருந்து 70 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், மாடலுக்கு உள்ளதைப் பாத்துக்கோங்க.

வேர்லயோ கல்லுலயோ "டங்"குனு இடிச்சு எஞ்சின் சட்டுனு நின்னு, அப்புறம் ஸ்டார்ட் ஆகலயா, இல்ல கயிறு கையை வெடுக்குனு திருப்பி இழுக்குதா? எஞ்சின் மேல சுத்துற கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்குள்ள ஒரு சின்ன சாவி இருக்கு, பூட்டுச் சாவி இல்ல, சக்கரம் தண்டுல நகராம பிடிக்கற துண்டு, பிரிக்ஸ்ல அலுமினியத்துல, பெரிய பாகங்கள் உடையக் கூடாதுன்னு அதை வேணும்னே மென்மையா செஞ்சிருக்காங்க. அது பாதி வெட்டுப்பட்டிருந்தா ஸ்பார்க் வர்ற நேரம் தப்பிடும். பெட்ரோல் இருக்கு, ஸ்பார்க்கும் இருக்கு, ஆனா ஸ்டார்ட் ஆகலன்னா கார்புரேட்டரைப் பிரிக்கறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

பெட்ரோல்தான் பாதிப் பிரச்சனை

போன சீசன்ல நல்லா ஓடுச்சு, இந்த சீசன்ல ஸ்டார்ட் ஆகலன்னு சொல்றவங்கள்ல நிறையப் பேருக்கு எஞ்சின்ல ஒண்ணுமே இல்ல, டேங்க்ல இருக்கறது பழைய பெட்ரோல். ஒரு மாசத்துக்கு மேல நின்னாலே பெட்ரோல் கெட ஆரம்பிக்கும், எத்தனால் கலந்ததுன்னா காத்துல இருக்கற ஈரத்தையும் இழுத்துக்கும், கார்புரேட்டர் அடியில பிசினா படிஞ்சு சின்ன ஓட்டைகளை அடைச்சிடும். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல இருக்கற பெட்ரோலை மோவர்ல ஊத்தாதீங்க. நிறுத்தி வைக்கப் போறீங்கன்னா பெட்ரோல் கெடாம வைக்கற ஸ்டெபிலைசர் கலந்து ஒரு பத்து நிமிஷம் ஓட்டுங்க, அப்பதான் அது கார்புரேட்டர் வரைக்கும் போகும்.

அடைச்சாச்சுன்னா: பெட்ரோல் குழாயை மூடுங்க, கார்புரேட்டர் அடிக் கிண்ணத்தோட போல்ட்டைக் கழட்டுங்க, கீழ ஒரு டப்பா வைங்க, ஒழுகும். சில எஞ்சின்ல அந்த போல்ட்டே மெயின் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடற பாகம், அதுல கண்ணுக்குத் தெரியுமா தெரியாதாங்கற அளவுல ஓட்டை இருக்கும். கார்புரேட்டர் க்ளீனர் அடிங்க, அடைப்பு விடலன்னா வயர்லருந்து ஒரு மெல்லிய செம்பு இழையை எடுத்து விடுங்க. டிரில் பிட், ஊசி எதுவும் வேண்டாம், ஓட்டை பெருசாயிட்டா அந்த ஜெட் அவ்வளவுதான். ரப்பர் வளையத்துல க்ளீனர் படாம பாத்துக்கோங்க, ஊதிடும், திரும்ப உக்காராது.

ஓடும்போது என்ன சொல்லுது

ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்ட்ல நின்னா பெட்ரோல் வரல, மெயின் ஜெட் பாருங்க. சத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுச்சுன்னா பெட்ரோல் பத்தல, பெரும்பாலும் சின்ன ஜெட் அடைப்பு. கால் மணி நேரம் நல்லா ஓடி நின்னு, கொஞ்சம் விட்டா திரும்ப ஓடுதுன்னா முதல்ல டேங்க் மூடியை லேசா தளர்த்தி ஓட்டிப் பாருங்க, அதுல காத்து போற ஓட்டை அடைச்சா உள்ள வெற்றிடமாகி பெட்ரோல் இறங்காது, மூடி மாத்துனா வேலை முடிஞ்சுது, இதுக்குப் போயி கார்புரேட்டரையே மாத்தினவங்க உண்டு. கறுப்புப் புகைன்னா ஃபில்டர், இல்லன்னா சோக், நீலப் புகைன்னா ஆயில். தானா நடக்கற மோவர் நடக்கலன்னா பெல்ட்டைத் தேடறதுக்கு முன்னாடி கேபிள்ல தளர்வு இருக்கான்னு பாருங்க, பலதுல கைப்பிடி கிட்டயே சரி பண்ற திருகு இருக்கும்.

டெக்கு அடியில ஒட்டியிருக்கற புல்லை ஒவ்வொரு தடவையும் மரச் சீவுளியால சுரண்டிடுங்க, ஈரப் புல்லு ஒட்டிக் கிடந்தா இரும்பு டெக் துருப்பிடிச்சு ஓட்டை விழும். எஞ்சின் மேல தண்ணி பீச்சாதீங்க. மேல் மூடிக்குள்ள குளிர்விக்கற துடுப்புகள்ல புல்லு அடைச்சிருந்தா எஞ்சின் சூடாகும், வருஷம் ஒரு தடவை கழட்டிப் பாருங்க, எலிக்கூடு கிடைச்சாலும் ஆச்சரியப்படாதீங்க. சூடா இருக்கும்போது பெட்ரோல் ஊத்தாதீங்க, மூடின ஷெட்டுக்குள்ள ஓட்டிப் பாக்காதீங்க, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது.

சீசன் முடிஞ்சு ஒதுக்கறப்போ

ஆயில் மாத்திட்டு, ஒண்ணு டேங்க்கைக் காலி பண்ணி தானா நிக்கற வரைக்கும் ஓட்டிடுங்க, இல்லன்னா ஸ்டெபிலைசரோட நிறைச்சு வைங்க, பாதி டேங்க் மட்டும் வேண்டாம். பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டையில ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, கயித்தை ரெண்டு மூணு தடவை மெதுவா இழுங்க, பிளக்கை மாட்டுங்க, கயிறு இழுக்கும்போது கனமா தடுக்கற இடம் வரும், அங்க நிறுத்திடுங்க. அந்த நிலைல ரெண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ள போகாது. திரும்ப எடுத்து ஸ்டார்ட் பண்ணும்போது முதல் நிமிஷம் நீலமா புகை வரும், அது நீங்க விட்ட அந்த ஒரு ஸ்பூன் ஆயில் எரியறதுதான், தானா நின்னுடும்.